‘சி’ வரிசையில் குப்பம்மாள்

வாசகர் கேள்வி – பதில்: குடும்ப வரலாறு

தாத்தாவுக்கு உத்தியோகம் இருந்தது, சொத்து இருந்தது, நாலு இடத்தில் கையெழுத்து இருக்கிறது. பாட்டிக்கு என்ன இருக்கிறது? பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அநேகம் இதையே சுற்றி வருகின்றன. இடம் கொண்ட மட்டும் பதில் சொல்கிறோம்.

எங்கள் கொள்ளுப்பாட்டியை எல்லோரும் ‘பாப்பம்மா’ என்பார்கள். ‘பிளேக் வருஷத்துக்கு அப்புறம்’ ஆற்காட்டுப் பக்கமிருந்து கல்யாணமாகி அல்சூருக்கு வந்தாராம். வேறொன்றும் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?
– கே.எஸ்., ஜீவன்பீமா நகர்

பாப்பம்மா என்ற பெயரை வைத்துக்கொண்டு எந்த அலுவலகப் படியும் ஏறாதீர்கள். அது வீட்டுப் பெயர். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டாலோ, குழந்தைக்குப் பாட்டி பெயரை வைத்துவிட்டாலோ, பெரியவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று பாப்பா, அம்மணி, குழந்தை, சின்னப்பொண்ணு என ஏதாவது ஒட்டிக்கொள்ளும். உண்மைப் பெயரைப் பிடிக்கப் பேத்திகளைப் பாருங்கள். மூத்தவளுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், அடுத்தவளுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர் என்று வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். இரண்டு மூன்று மகன்கள் வீட்டிலும் ஒரே பெண் பெயர் திரும்ப வந்தால், அதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பேனா இப்போது வேண்டாம்.

பிறகு வீட்டுக் காகிதங்கள். கல்யாணப் பத்திரிகையைவிட மொய் நோட்டு மேல். பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் அலங்காரமாக இருக்கும். மொய் நோட்டில் ஊர் பெயரோடு இருக்கும். பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே தாய்மாமன் வந்துவிடுவார். தாய்மாமன் ஊர்தான் அம்மாவின் பிறந்த வீடு. அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் குடும்பமாக இருந்தால், அதில் அம்மா, அப்பாவின் அம்மா, அப்பாவின் பாட்டி என்று ஒரு வரிசையும், அம்மாவைப் பெற்றவள், அவளுடைய மாமியார், மாமியாரின் மாமியார் என்று இன்னொரு வரிசையும் பெயர் சொல்லியே வருகின்றன. வீட்டு வாத்தியாரின் குறிப்பு நோட்டைக் கேட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது தலைப்பிரசவத்தில். முதல் பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்கும். அல்சூரில் குடும்பம் நடத்தியவரின் மூத்த பிள்ளை அல்சூர்ப் பதிவில் இல்லாமல், இரண்டாவதிலிருந்து மட்டும் இருந்தால், பதிவு தொலைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த மூத்த பிள்ளை எந்த ஊரில் பிறந்தது என்பதே பாட்டியின் ஊர் எது என்பதற்கான பதில். பள்ளி டி.சி.யிலோ, ஓய்வூதியக் காகிதத்திலோ, பழைய பாஸ்போர்ட்டிலோ ‘பிறந்த இடம்’ என்ற ஒரு வரி இருக்கும். மூத்தவருடையதைத் தேடுங்கள்; கடைக்குட்டியுடையது உதவாது.

‘பிளேக் வருஷம்’ என்றால் 1898 என்று உடனே எழுதிவிடாதீர்கள். பெங்களூருக்கு நோய் வந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில். பின்னும் பல வருஷம் வந்து வந்து போயிற்று. இன்னொன்று: அந்தக் காலத்துப் பெங்களூரு இரண்டு ஊர். அல்சூர், இப்போது சிவாஜிநகர் என்கிற பிளாக்பள்ளி எல்லாம் ‘தண்டு’, அதாவது 1881 முதல் 1947 வரை பிரிட்டிஷ் ரெசிடென்டின் கையில் இருந்த சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன். சிக்பேட்டை, காட்டன்பேட்டை மைசூர் சமஸ்தானம். இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியானது 1949-ல். ஆகவே முதலில் தெருவை உறுதி செய்யுங்கள். எந்த நகராட்சியின் பதிவேடு என்பது அதிலிருந்துதான் தெரியும்.

பாட்டியின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். ‘பதிவு இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?
– எம்.ஆர்., பிரேசர் டவுன்

இல்லை. நீங்கள் பாட்டியின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். பழைய பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்கான கட்டம் பெரும்பாலும் காலி. பெயர் சூட்டும் முன்பே பதிந்துவிடுவார்கள், பிறகு வந்து சேர்ப்பவர் குறைவு. அங்கே இருப்பது ‘பெண்’ என்ற ஒரு சொல்லும் தகப்பன் பெயரும்தான். தகப்பன் பெயர், தெரு அல்லது கிராமம், முன்னும் பின்னும் ஐந்து வருஷம் என்று கேட்டு மறுபடி விண்ணப்பம் போடுங்கள். ஒரே தேதியைக் கொடுத்தால் அந்த ஒரு பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பள்ளியில் எழுதிய பிறந்த தேதி சேர்க்கைக்காக வளைத்ததாகவும் இருக்கலாம். ஜூன் 1 என்று கண்டால் சந்தேகப்படுங்கள்.

இறப்புப் பதிவில் பெண்ணுக்குத் தகப்பன் பெயரைவிடக் கணவன் பெயர் வருவதே அதிகம். கைம்பெண்ணாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவரானால் இறந்த இடம் அண்ணன் வீடாக இருக்கும். தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தைத் தவறாமல் படியுங்கள், பல சமயம் உறவு அங்கேதான் புலப்படும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் தேடச் சொல்லிப் பதிவின் நகல் பெறலாம். ஆனால் மரணத்தின் காரணத்தை நகலில் காட்டக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அதற்காகக் கவுண்டரில் வாதாட வேண்டாம். கவுண்டரில் இருப்பவர் செய்வது சரி.

கிராமத்துப் பிறப்பு, இறப்பு தமிழ்நாட்டுப் பக்கமென்றால், அந்தக் காலத்தில் கணக்கெழுதிய பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. பழைய புத்தகங்களுக்கு வி.ஏ.ஓ.விடம் மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேளுங்கள்.

தாத்தா வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்தேன். பாட்டி பெயர் எங்குமே இல்லை. பத்திரங்களில் பெண்கள் வரவே மாட்டார்களா?
– வி.என்., ராமமூர்த்தி நகர்

வருவார்கள். வாங்கும்போது வருவது குறைவு, விட்டுக்கொடுக்கும்போது வருவது அதிகம். முதலில் தேட வேண்டியது விடுதலைப் பத்திரம், அடுத்து பாகப்பிரிவினை, அதன் பிறகு செட்டில்மென்ட். மைசூர் சமஸ்தானத்தில் 1933-லேயே இந்துப் பெண்களின் சொத்துரிமைக்கு ஒரு சட்டம் வந்தது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம். மகள்களுக்கும் பங்கு என்று ஆன பிறகு, அண்ணன் தம்பிகள் வீட்டை விற்கப் போனால் வாங்குகிறவரின் வக்கீல் சகோதரிகளின் கையெழுத்தைக் கேட்பார். தமிழ்நாட்டில் 1989, கர்நாடகத்தில் 1994 திருத்தங்கள் வந்தபின் இன்னும் கறாராகக் கேட்டார்கள். அப்படிப் பிறந்த பத்திரத்தில் ‘இன்னாரின் மகளும், இன்ன ஊர் இன்னாரின் மனைவியும், இன்ன தெருவில் வசிப்பவரும், சுமார் 45 வயதுள்ளவருமான’ என்று ஒரே வாக்கியத்தில் பிறந்த வீடு, புகுந்த வீடு, விலாசம், வயது நான்கும் கிடைத்துவிடும். ஓர் ஆணைப் பற்றி எந்தப் பத்திரமும் இவ்வளவு சொல்வதில்லை. பங்கை விடும்போது மட்டும் இத்தனை விவரம் என்பது கசக்கத்தான் செய்கிறது.

நீங்கள் எடுத்தது சொத்தை வைத்துத் தேடிய வில்லங்கம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அட்டவணை இரண்டு: முதலாவது ஆட்களின் பெயர்ப்படி, இரண்டாவது சொத்துப்படி. பெயர் அட்டவணையைத் தேடச் சொல்லி எழுதிக் கேளுங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, நிலம் வீடு சம்பந்தப்பட்ட முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். உயில்கள் உள்ள மூன்றாம் புத்தகம், எழுதியவர் காலமான பிறகே மற்றவருக்கு. நிலம் வீடு சாராத பத்திரங்களுக்கான நான்காம் புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்கள் பிரதிநிதிகளுக்கும் மட்டும். கர்நாடகப் பத்திரப் பதிவுத் துறையின் ‘காவேரி’ இணையதளத்தில் 2004-க்கு முந்தையதை எதிர்பார்க்காதீர்கள். அது கையால் புரட்டும் வேலை.

தேடல் வீணாவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று எழுத்து. ஆங்கிலத்தில் எழுதிய பழைய குமாஸ்தாக்கள் ‘கே’ வர வேண்டிய இடத்தில் ‘சி’ போட்டார்கள், ‘யு’ வேண்டிய இடத்தில் இரட்டை ‘ஓ’, கடைசியில் ஒரு ‘ஏ, ஹெச்’. குப்பம்மாள் ‘கே’ வரிசையில் இருக்க மாட்டார், ‘சி’ வரிசையில் இருப்பார். கன்னடக் குமாஸ்தா என்றால் ‘அம்மாள்’ போய் ‘அம்மா’ ஆகிவிடும். கிளம்பும் முன் ஒரு பெயருக்கு ஆறு ஏழு எழுத்துக்கூட்டலாவது எழுதிக்கொண்டு போங்கள். இரண்டாவது காரணம், பதியாத ஏற்பாடு. நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனையைப் பதிய வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. வீட்டோடு எழுதிக்கொண்ட பாகப் பட்டியலும் பதிவுக்குப் போயிருக்காது. அவை பீரோவில்தான் இருக்கும்.

நகராட்சிக் கத்தாவையும் (வீட்டு வரிக்கான சொத்துப் பதிவு) விடாதீர்கள். கணவன் இறந்ததும் கத்தா மனைவி பெயருக்கு மாறியிருந்தால், அந்த மாற்றத் தேதி அவர் கைம்பெண்ணான காலத்தைச் சுமாராகச் சொல்லிவிடும். வருவாய்த் துறை தரும் வம்சவிருட்சத்தை மட்டும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். அது மனுதாரர் சொன்னதை வைத்துத் தயாராவது. மகள்களை விட்டுவிட்டுக் கொடுத்த பழைய விருட்சங்கள் ஏராளம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். கோவில் பதிவேடு லத்தீனில் இருக்கிறது என்கிறார்கள். படிக்க முடியுமா?
– ஏ.எம்., கல்பள்ளி அருகே

பத்துச் சொல் போதும். ‘ஃபிலியா’ மகள், ‘நாட்டா’ பிறந்தவள், ‘உக்ஸோர்’ மனைவி, ‘விதுவா’ அல்லது ‘ரெலிக்டா’ கைம்பெண், ‘மாட்ரினா’ ஞானத்தாய். மீதி ஊர் பெயரும் ஆள் பெயரும்தான். அட்டவணை ஞானஸ்நானப் பெயர்ப்படி இருக்கும்; சவரியம்மாளை ‘எக்ஸ்’ எழுத்தில் தேடுங்கள்.

பெண்ணைத் தேடுகிறவருக்குப் பங்குக் கோவில் பதிவேடு போன்ற பொக்கிஷம் இல்லை. காரணம் ஓரக் குறிப்பு. 1908-ல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்திலிருந்து, ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்குத் தகவல் அனுப்பி, அந்தப் பழைய பதிவின் ஓரத்தில் தேதி, இடம், துணையின் பெயரை எழுத வேண்டும். எழுதாமல் விட்ட பங்குகளும் உண்டு. இருந்தால், குழந்தையாக அவரைக் கண்ட அதே வரியில் மனைவியாகவும் காணலாம். அதனால் ‘ஞானஸ்நானச் சான்றிதழ்’ என்று மட்டும் கேட்காமல், ஓரக் குறிப்புகளோடு முழு நகல் வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்தது விலக்கு. மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டுவது நமக்கு முறை. திருச்சபைக்கு அது தடை, ஆயரின் அனுமதி வேண்டும். திருமணப் பதிவில் ‘இரண்டாம் படி’ இரத்த உறவுக்கு விலக்கு என்று லத்தீனில் ஒரு வரி இருந்தால், மணமகனின் பெற்றோரில் ஒருவரும் மணமகளின் பெற்றோரில் ஒருவரும் உடன்பிறப்புகள். முதல் படியும் இரண்டாம் படியும் கலந்தது என்றிருந்தால் தாய்மாமனையே கட்டியிருக்கிறார். ஒரே வரியில் இரண்டு குடும்பத்து மரமும் இணைந்துவிடுகிறது. திருமணம் பெண் வீட்டுப் பங்கில் நடப்பதே வழக்கம், ஆகவே மாப்பிள்ளை ஊர்க் கோவிலில் பதிவு இல்லாவிட்டால் சோர வேண்டாம். பெங்களூரு தனி மறைமாவட்டம் ஆனது 1940-ல். அதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்தை மைசூரில் விசாரியுங்கள்.

‘காளயுக்தி வருஷம் ஐப்பசி தேய்பிறை பஞ்சமி’ என்று பாட்டியின் அம்மா திதி ஒரு நோட்டில் இருக்கிறது. ஆங்கிலத் தேதி ஆக்க முடியுமா?
– டி.எல்., மல்லேஸ்வரம்

முடியும். அறுபது ஆண்டுப் பட்டியலில் பிரபவ முதல் எண்ணுங்கள். கிடைத்த எண்ணோடு 1866 அல்லது 1926 கூட்டுங்கள். மார்கழிப் பிற்பாதி முதல் பங்குனி வரையென்றால், ஜனவரி பிறந்துவிடுவதால் ஒன்று அதிகம். காளயுக்தி 52-ஆவது: 1918 அல்லது 1978. உங்களுடையது 1918. அந்த ஐப்பசி அக்டோபர் 17 வாக்கில் பிறந்தது. பௌர்ணமி 19-ஆம் தேதி இரவு. பஞ்சமி 24-ஐ ஒட்டி. தென்னிந்தியாவை இன்ஃப்ளூயன்ஸா வாரிக்கொண்டுபோன வாரங்கள் அவை. இறப்புப் பதிவேட்டில் ஒருவேளை ‘சுரம்’ என்று மட்டும் இருக்கும்.

பெங்களூருக்கே உரிய ஒரு குழப்பம்: தமிழர் மாதம் சூரியனை வைத்து, கன்னடர் மாதம் சந்திரனை வைத்து. கன்னடப் புரோகிதர் இதே நாளை ‘ஆஸ்வீஜ பஹுள பஞ்சமி’ என்று எழுதியிருப்பார். யுகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் இடைப்பட்ட நாட்களில் வருஷத்தின் பெயரே மாறிவிடும். நோட்டு யார் எழுதியது என்று முதலில் கேளுங்கள். அப்படியே, ‘தாது வருஷப் பஞ்சத்தில் வந்தோம்’ என்று வீட்டில் சொல்லியிருந்தால் அது 1876–77.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து இரண்டாம் உலகப் போரில் இறந்தார். பாட்டியைப் பற்றி ராணுவத்தில் என்ன இருக்கும்?
– பி.கே., அல்சூர்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் ஆரம்பியுங்கள்; காசில்லை. இரண்டாம் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு ‘கூடுதல் தகவல்’ என்ற வரியில் தகப்பன், தாய், மனைவி பெயர்களும் ஊரும் இருக்கின்றன. பாட்டி மட்டுமல்ல, அவர் மாமியாரும் கிடைக்கக்கூடும். படைப்பிரிவை ‘இந்தியன் இன்ஜினியர்ஸ்’ என்று தேர்ந்தெடுங்கள். ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ என்று தேடினால் ஏமாற்றம்தான். தாத்தா பெயரில் நூறு முனுசாமி வந்தால், கூடுதல் தகவல் கட்டத்தில் ‘பெங்களூர்’ அல்லது ‘நார்த் ஆற்காட்’ என்று ஆங்கிலத்தில் கொடுத்து வடிகட்டுங்கள். அதன்பின் படை எண்ணோடு, நெருங்கிய வாரிசு என்ற முறையில், பெங்களூரு எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ்) ரெக்கார்ட்ஸுக்கு எழுதலாம். ‘ஷீட் ரோல்’ என்ற பணிப் பதிவில் மனைவியின் பெயர் இருக்கும். கல்யாணமும் பிள்ளைப் பேறும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற அன்றாட ஆணைகளில் வந்திருக்கும்.

வெளிநாடுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்து முன்னோரைக் கண்டுபிடிக்கிறார்களே, இங்கே?
– ஜி.எஸ்., இந்திராநகர்

இங்கே நடக்காது. வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களை யாருக்கும் காட்டக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே சொல்கிறது. வாக்காளர் பட்டியல் ஓரளவு ஈடு: வீட்டு எண், வயது, கணவர் அல்லது தந்தை பெயர். முதல் பொதுத்தேர்தலில் சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’ என்றே பதிந்திருந்ததால் நாடு முழுக்கச் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வடக்கே. நம் பக்கத்துப் பாட்டிகள் பெயரைச் சொன்னார்கள்.

பாட்டியின் அத்தை ஒருவர் ‘நெட்டாலுக்குக் கப்பலேறிவிட்டார்’ என்று ஒரு பேச்சு. சரிபார்க்க வழி உண்டா?
– ஆர்.டி., கோலார் தங்கவயல்

உண்டு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் தனித்தனி எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. தனியாகப் போன பெண்ணுக்கும் தனி வரி. டர்பனில் குவாசுலு-நெட்டால் பல்கலைக்கழக ஆவண மையத்தின் தொகுப்பை இணையத்தில் பார்க்கலாம். பெயரால் தேடாதீர்கள், கிராமத்தால் தேடுங்கள்.

பாட்டி நன்றாகத் தமிழ் படிப்பார் என்று அம்மா சொல்வார். 1961 பத்திர நகலில் பெருவிரல் ரேகை என்றிருக்கிறது. அம்மா சொன்னது பொய்யா?
– எஸ்.ஜே., ரிச்சர்ட்ஸ் டவுன்

அவசரப்படாதீர்கள். பதிவுக்கு வருகிறவர் படித்தவரானாலும் சார்பதிவாளர் முன் ரேகை வைக்க வேண்டும். பின்பக்கத்து ஒப்புதல் குறிப்பில் ரேகை இருப்பது எதையும் காட்டாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதிக் கொடுத்தவர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ‘கீறல்’, ‘கைநாட்டு’ என்றிருந்தால் ஒன்று, பெயர் எழுதியிருந்தால் வேறு. ‘படித்துக் காட்டப்பட்டது’ என்ற வரி இருந்தாலும் பத்திரம் எந்த மொழியில் என்று கவனியுங்கள். கன்னடப் பத்திரத்தைத் தமிழ் படித்தவருக்கும் படித்துத்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது பதிவுப் புத்தகத்தின் நகல் என்றால் அது எழுத்தர் பார்த்து எழுதியது. அதில் பாட்டியின் கையெழுத்து இருக்க வழியில்லை. மூலப் பத்திரம் வீட்டை வாங்கியவர் வாரிசுகளிடம் இருக்கும், அல்லது அதை அடகு பிடித்த பாங்கில். கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் அதே அலுவலகத்தில் அந்த வருஷத்து ரேகைப் பதிவேடு மிஞ்சியிருக்கிறதா என்று விசாரியுங்கள். பத்திர எண்ணும் தேதியும் கையில் இருந்தால், பாட்டி மையில் தொட்டு வைத்த விரலை அந்தப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம்.